அளவு ரவிக்கையும் அவர் வண்டிக் கண்ணாடியும்

"அப்பா, நான் பாஸ்!" என்று கூவிக்கொண்டே ஓடி வந்தாள் எங்கள் மகள். டைப்ரைட்டிங் லோயர் பரீட்சை முடிவு வந்த நாள் அது. கூடத்தில் பேப்பர் படித்துக் கொண்டிருந்த என் கணவர் தலை நிமிராமல், "பால் ஃப்ரிட்ஜில இருக்கும் பாரும்மா" என்றார்.

வீடே சிரித்தது. மாமியாருக்குச் சிரித்துச் சிரித்துப் புரையே ஏறிவிட்டது. அவரும் சிரித்தார். ஆனால் எல்லோரும் சிரித்து ஓய்ந்த பிறகு அவர் மெல்ல வலது காதைத் தேய்த்துக் கொண்டதை நான் பார்த்துவிட்டேன். முந்தின நாள் இரவுதான் நாங்கள் இருவரும் நாகர்கோவிலிலிருந்து மோட்டார் சைக்கிளில் மதுரை திரும்பியிருந்தோம்.

என் அப்பா காலமான பிறகு மாதம் ஒரு முறையாவது அம்மாவைப் பார்த்து வருவது என்று ஏற்பாடு. ரயிலில் போகலாமே என்று கேட்பீர்கள். நானும் கேட்டுப் பார்த்தேன். 2021-ல் தவணையில் அந்த 350 சி.சி. வண்டியை வாங்கினதிலிருந்து, அவருக்கு ரயில் என்ற சொல்லே மறந்து போயிற்று! எனக்கும், சொல்லப் போனால், அவர் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்து கோவில்பட்டியில் டீ குடித்து, கடலை மிட்டாய் வாங்கிக் கொண்டு போவது பிடித்துத்தான் இருந்தது. அதனால் பழியை அவர் மேல் மட்டும் போட மாட்டேன்.

ஒவ்வொரு பயணத்துக்குப் பிறகும் காதுக்குள் 'ஙொய்' என்று ஒரு சத்தம் கேட்பதாக அவர் சொல்வார். மறுநாள் காலை சரியாகிவிடும். "தூங்கி எழுந்தா போயிடும்" என்பார். பால், பாஸ் கதைக்குப் பிறகு நான் விடவில்லை. அந்த வாரமே காது, மூக்கு, தொண்டை டாக்டரிடம் இழுத்துக் கொண்டு போனேன். 2022 நவம்பர் அது.

கேட்கும் திறனைச் சோதித்து ஒரு வரைபடம் கொடுத்தார்கள். நேராகப் போய்க் கொண்டிருந்த கோடு, ஒரு இடத்தில் பள்ளத்தில் இறங்கி மறுபடி ஏறியிருந்தது. சத்தத்தால் அடிபட்ட காதில் 4000 ஹெர்ட்ஸ் பக்கம்தான் முதலில் இப்படிப் பள்ளம் விழுமாம். 'ஸ', 'ச' போன்ற மெல்லிய ஓசைகள்தான் முதலில் நழுவும். குழந்தைகள் குரலும் பெண்கள் குரலும் கேட்கும், ஆனால் தெளியாது. "காதுக்குள்ளே நுண்ணிய மயிர் செல்கள் இருக்கு. புல்லு மாதிரி. மிதிச்சா சாயும், மறுநாள் நிமிரும். மறுபடி மறுபடி மிதிச்சா செத்துடும். அது திரும்ப முளைக்காதுங்க" என்றார் டாக்டர். மறுநாள் காலை சரியாகிவிடுகிறதே என்று நாங்கள் நினைத்தது எவ்வளவு பெரிய அசட்டுத்தனம்!

"இஞ்சின் சத்தமா டாக்டர்?" என்று கேட்டேன். இல்லையாம். காற்றாம்! 1990-களில் பிரிட்டனில் அளந்து பார்த்திருக்கிறார்கள். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்திலேயே ஹெல்மெட்டுக்குள் சுமார் 90 டெசிபல் இரைச்சல். வேகம் கூடக் கூட அதுவும் கூடும். 85 டெசிபல் என்றால் நாள் ஒன்றுக்கு எட்டு மணி நேரம் காது தாங்கும் என்று ஒரு கணக்கு. அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகக் குறையும். 88-க்கு நான்கு மணி, 91-க்கு இரண்டு மணி, 94-க்கு ஒரே மணி. மதுரையிலிருந்து நாகர்கோவில் ஏறத்தாழ 240 கிலோமீட்டர். போக நாலரை மணி, வர நாலரை மணி. கணக்கு நீங்களே போட்டுப் பாருங்கள்.

என் அப்பாவும் காலமெல்லாம் புல்லட் ஓட்டியவர்தான். அவர் காது கடைசி வரை கூர்மையாகத்தானே இருந்தது என்று எனக்குத் தோன்றியது. பிறகு யோசித்தேன். அப்பா பழைய ஒற்றைச் சாலையில் 50-ஐத் தாண்ட மாட்டார். இப்போது நாற்கரச் சாலை. அதில் மோட்டார் சைக்கிளுக்கு மத்திய அரசு 2018-ல் வைத்த உச்ச வரம்பு 80. வேகம் இரண்டு மடங்கானால் காற்றின் தள்ளல் நான்கு மடங்காகும் என்கிறது விஞ்ஞானம். அப்படியானால் 50-க்கும் 80-க்கும் நடுவே இரண்டரை மடங்கு! அப்பாவின் சட்டையை ஊதிவிட்ட காற்று இவர் நெஞ்சைப் பிடித்துத் தள்ளியதில் ஆச்சரியமே இல்லை.

டாக்டர் மூன்று யோசனை சொன்னார். வேகத்தைக் குறைப்பது, மணிக்கொரு முறை இறங்கிப் பத்து நிமிஷம் காதுக்கு ஓய்வு கொடுப்பது, ஹெல்மெட்டுக்குள் நுரை அடைப்பான் வைத்துக் கொள்வது. "வண்டிக்கு முன்னாடி காற்றை மறைக்கிற மாதிரி ஏதாவது மாட்டினாலும் நல்லதுதான். அது என் சப்ஜெக்ட் இல்லை" என்று சிரித்தார்.

அதைத்தான் கெட்டியாகப் பிடித்துக் கொண்டார் எங்கள் வீட்டுக்காரர். வேகத்தைக் குறைக்கச் சொன்னது மட்டும் அவர் காதில் விழவே இல்லை!

ஹெட்லைட்டுக்கு மேலே நிற்கிறதே, அந்தத் தகட்டைத்தான் சொல்கிறேன். பெரிதானால் 'விண்ட்ஷீல்டு' என்றும் சிறிதானால் 'வைசர்' என்றும் கடையில் சொல்கிறார்கள். நாம் கண்ணாடி என்கிறோம், ஆனால் எல்லாம் பிளாஸ்டிக்தான்.

முதலில் வாங்கி வந்தது ஒரு கறுப்பு வைசர். ஒரு முறம் அகலம்கூட இருக்காது. "வண்டிக்கே ஒரு களை வந்துடுச்சு பாரு" என்று தெருவில் நின்று அழகு பார்த்தார். களை வந்தது வாஸ்தவம். காற்றும் முன்போலவே வந்தது! வயிற்றுக்கு மட்டும் கொஞ்சம் மறைப்பு. கறுப்பு நிறம் வேறு. இரவில் அதன் வழியாகப் பார்த்தால் சாலையே தெரியாது. நல்லவேளையாக அது அவ்வளவு உயரமில்லை.

அடுத்து 2023-ல் ஆன்லைனில் ஆர்டர் செய்து ஒன்று வந்தது. பெட்டியைப் பார்த்து டி.வி. என்றே நினைத்தேன். பஸ்ஸின் முன் கண்ணாடி போல நெடுநெடுவென்று ஒரு தகடு. "சின்னது சரிப்படல, அதான் இருக்கறதுலேயே பெரிசு" என்றார். அதை ஹேண்டில்பாரில் கவ்வி மாட்டிக் கொண்டு, ஆடி மாதம் அம்மாவைப் பார்க்கப் புறப்பட்டோம். மகளைப் பாட்டியிடம் விட்டிருந்தோம்.

அந்தப் பயணத்தை நான் மறக்க மாட்டேன்.

விருதுநகர் தாண்டுவதற்குள் என் தலை ஆடத் தொடங்கியது. முன்பெல்லாம் நேராக வந்து அடித்த காற்று, இப்போது கண்ணாடி மேல் ஏறி, அவர் தலையைத் தொட்டும் தொடாமலும் தாண்டி, சுழன்று சுழன்று என் முகத்தில் வந்து இறங்கியது. பின் சீட்டு சற்று உயரம் அல்லவா! யாரோ என் ஹெல்மெட்டை இரண்டு கையாலும் பிடித்து உலுக்குவது போலிருந்தது. என் ஹெல்மெட் அவர் ஹெல்மெட்டில் 'டக், டக்' என்று இடித்தது. "என்னங்க, மெதுவா!" என்று கத்தினேன். "இப்ப எப்படி இருக்கு? சூப்பரா இல்ல?" என்று அவர் திருப்பிக் கத்தினார். அவருக்கு நெஞ்சில் காற்றே இல்லை, ஏக சந்தோஷம். ஆனால் கண்ணாடியின் மேல் விளிம்பு சரியாக அவர் புருவத்துக்கு நேராக நின்றதால், ஹெல்மெட்டின் உச்சியில் காற்று படபடவென்று அடிப்பதாக அவரே பிற்பாடு ஒப்புக் கொண்டார். இரைச்சல் குறையவில்லை, கூடியே இருந்தது.

கயத்தாறு பக்கம் ஒரு தூறல். ஹெல்மெட் கண்ணாடியில் துளி விழுந்தால் கையால் வழித்து விடலாம். எட்டி நிற்கும் இந்தப் பெரிய தகட்டில் விழுந்ததை எப்படி வழிப்பது? கழுத்தைக் கொக்கு போல நீட்டி அதற்கு மேலே எட்டிப் பார்த்துக் கொண்டே ஓட்டினார்.

காவல்கிணறு தாண்டி ஆரல்வாய்மொழிப் பக்கம் திரும்பியதும்தான் நிஜமான சோதனை. மேற்குத் தொடர்ச்சி மலை அங்கே இடைவெளி விடுகிறது. தென்மேற்குப் பருவக் காற்று முழுக்க அந்தச் சந்துக்குள் நெரித்துக் கொண்டு பாய்கிறது. அதனால்தான் கண்ணுக்கெட்டிய தூரம் காற்றாலைகளை நட்டு வைத்திருக்கிறார்கள். ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்களே, அதைப் பார்க்க வேண்டுமென்றால் முப்பந்தலுக்குத்தான் போக வேண்டும். எங்களுக்கு முன்னால் போன லாரியின் மறைவிலிருந்து வெளியே வந்த மறு நொடி, எதிரும் பக்கமுமாக ஒரு அறை! பெரிய தகடு, அது மாட்டியிருப்பது ஹேண்டில்பாரில். காற்று தகட்டைத் தள்ள, தகடு ஹேண்டில்பாரைத் திருப்ப, வண்டி தானாக ஒரு முழம் இடப் பக்கம் போயிற்று. பாய்மரத்தைப் பிடித்துக் கொண்டு உட்கார்ந்திருந்தது போல் இருந்தது. அவர் முதுகு விறைத்துப் போனதை என் கையில் உணர்ந்தேன். இருவரும் ஒன்றும் பேசவில்லை. முப்பந்தல் இசக்கியம்மன் கோவில் வாசலில் வண்டியை நிறுத்தி இறங்கியபோது என் முழங்கால் இரண்டும் நடுங்கின.

"இதைக் கழட்டிப் போட்டுடலாம்" என்றார் அவர். நாலாயிரம் ரூபாய் சமாசாரம்!

வீட்டுக்குப் போய்க் கழுத்தைப் பிடித்துக் கொண்டு உட்கார்ந்ததும், என் மதினி தைலத்தோடு வந்தாள். அவள் தையல் வேலை செய்கிறவள். அந்தத் தெருவுக்கே அவள்தான் ரவிக்கை தைப்பாள். நடந்ததைக் கேட்டுவிட்டு, வாசலில் நின்ற வண்டியைப் போய் ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தாள்.

"ஏட்டி, இத வாங்கும்போ அண்ணனுக்கு அளவு எடுத்தாவளா?"

"அளவா? வண்டிக்குப் பொருந்துமான்னு பார்த்தாங்க. பொருந்துச்சு."

"வண்டியா மக்கா உள்ள இருக்கப் போவுது? அளவு ரவிக்கை இல்லாம நான் துணியில கத்திரி வைப்பனா?"

எனக்குச் சுரீரென்றது. கடையிலும் படத்திலும் நாங்கள் பார்த்ததெல்லாம் வண்டிக்கு எது அழகு என்பதுதான். ஐந்தே முக்கால் அடி மனிதருக்கும் ஐந்தே கால் அடி மனிதருக்கும் ஒரே உயரக் கண்ணாடி எப்படிச் சரிப்படும்? அதுவும் பின்னால் ஒருத்தி இருக்கிறாள் என்பது யாருக்குமே ஞாபகமில்லை, என்னையும் சேர்த்து!

மறுநாள் காலை மதினி மேற்பார்வையில் அளவெடுப்பு நடந்தது. வண்டியை நடு ஸ்டாண்டில் நிறுத்தி, ஹெல்மெட், ஜாக்கெட் எல்லாம் போட்டு, வழக்கமாக ஓட்டும்போது எப்படி உட்காருவாரோ அப்படி உட்காரச் சொன்னோம். நிமிர்ந்து போட்டோவுக்கு உட்கார்வது போல உட்கார்ந்தவரை, "அப்படியா ஓட்டுறீங்க?" என்று அதட்டித் தளர வைத்தேன். ஐம்பதடி தூரத்தில் சாலையைப் பார்க்கச் சொல்லி, அவர் பார்வை கண்ணாடியை எங்கே கடக்கிறதோ அங்கே என் ஸ்டிக்கர் பொட்டு ஒன்றை எடுத்து ஒட்டினேன். மேல் விளிம்பு அந்தப் பொட்டுக்கு இரண்டு விரல்கடை கீழே நிற்க வேண்டும். ஏறக்குறைய மூக்கு நுனி மட்டம். அப்போதுதான் கண்ணாடி வழியாகப் பார்க்காமல் அதற்கு மேலாகச் சாலையைப் பார்க்க முடியும். மழையிலும் இரவிலும் இதுதான் உயிரைக் காப்பது.

அவ்வளவு தாழ்ந்தால் காற்று முகத்தில் அடிக்காதா என்று எனக்குச் சந்தேகம். குழாயைத் திறந்து கரண்டியின் முதுகைச் சாய்த்துப் பிடித்துப் பாருங்கள். தண்ணீர் கரண்டி விளிம்போடு நின்று விடுவதில்லை. வழுக்கிக் கொண்டு போன திசையிலேயே கொஞ்ச தூரம் பாய்கிறது. காற்றும் அப்படித்தான். விளிம்பைத் தாண்டி இன்னும் சற்று மேலே ஏறித்தான் போகும்.

பொட்டின்படி கண்ணாடியில் மூன்று அங்குலம் அதிகம். யார் வெட்டுவது? பெயர்ப் பலகை செய்யும் கடைக்காரரிடம் கொண்டு போனோம். அவர்தான் நாளெல்லாம் இந்தத் தகடுகளை அறுக்கிறவர். கையில் வாங்கி, வளைத்துப் பார்த்து, "இது பாலிகார்பனேட்டு. அக்ரிலிக்கா இருந்தா இப்படி வளைக்க விடமாட்டேன், சில்லு சில்லாப் போயிரும்" என்றார். அக்ரிலிக் பளிங்கு போலத் தெளிவாக இருக்கும், சட்டென்று கீறல் விழாது. ஆனால் கல் தெறித்தால் உடையும். பாலிகார்பனேட் லேசில் உடையாது. ஆனால் மேலே தனிப் பூச்சு இல்லாவிட்டால் சீக்கிரம் கீறும். ஹெல்மெட்டின் முகக் கண்ணாடியும் பாலிகார்பனேட்தானாம். கண்ணாடி டம்ளரா, எவர்சில்வர் டம்ளரா என்று நாம் யோசிப்பது போலத்தான்.

மூன்று அங்குலத்தையும் ஒரேயடியாக எடுக்க மதினி விடவில்லை. "வெட்டுனத ஒட்ட முடியாது. ரெண்டு எடுங்க, போட்டுப் பாத்துட்டு வாறோம்" என்றாள். இரண்டு அங்குலம் அறுத்து, விளிம்பை உப்புத்தாளால் தேய்த்து மழுக்கிக் கொடுத்தார். மாட்டும்போது போல்ட்டுக்கு ரப்பர் வாஷர் வைக்கச் சொன்னதும் அவர்தான். இறுக்கி முறுக்கினால் போல்ட் ஓட்டையில் இருந்துதான் விரிசல் கிளம்புமாம்.

போட்டுப் பார்ப்பதற்கு மதினி ஒரு வழி சொன்னாள். ஸ்வெட்டர் பின்னி மிச்சமிருந்த ரோஸ் நிறக் கம்பளி நூலை விரல் நீளத் துண்டுகளாக நறுக்கி, கண்ணாடி விளிம்பிலும், அவர் ஹெல்மெட்டிலும் தோளிலும், என் ஹெல்மெட்டிலும் டேப் போட்டு ஒட்டினாள். விமானத்துக்கு மாதிரி செய்கிறவர்களும் இப்படி நூல் ஒட்டித்தான் காற்றின் போக்கைப் பார்ப்பார்கள் என்று பிறகு தெரிந்தது. அவளுக்கு யார் சொல்லிக் கொடுத்தார்களோ! அதிகாலையில் ஊருக்கு வெளியே ஆளில்லாத சாலையில் நாங்கள் 50-ல் போக, அண்ணன் ஸ்கூட்டரில் இவள் பின்னால் உட்கார்ந்து கொண்டு பக்கத்திலேயே வந்து பார்த்தாள். நூல் படிந்து நேராகப் பறந்தால் காற்று ஒழுங்காகப் போகிறது. கோழி கிளறினது போல நாலா பக்கமும் துள்ளினால் அங்கே சுழல்.

எங்கள் கோலத்தைப் பார்த்து ஒரு பால்காரர் சைக்கிளை நிறுத்திவிட்டார்.

அவர் தோளில் நூல் அமைதியாக இருந்தது. என் ஹெல்மெட்டில் மட்டும் இன்னும் பேயாட்டம்! திரும்பக் கடைக்குப் போய் இன்னும் ஒரு அங்குலம் எடுத்தோம். கண்ணாடியைச் சற்றுப் பின்னால் சாய்த்து, ஹெட்லைட்டுக்கும் அதற்கும் நடுவே இரண்டு விரல் இடைவெளி விட்டோம். அந்த இடைவெளி வழியாகக் கொஞ்சம் காற்று உள்ளே வந்தால்தான் பின்னால் சுழல் குறையும். நம்மூர் வெயிலில் வேர்வையும் அடங்கும். இந்த முறை என் நூல்களும் ஏறக்குறையப் படிந்தன.

திரும்பி வரும்போது முப்பந்தலில் காற்று அடித்தது, அடிக்காமல் இருக்குமா? ஆனால் பிடித்து இழுக்கப் பெரிய தகடு இல்லை. 50-க்குக் குறைத்துக் கொண்டார், நான் கேட்காமலே. என் கழுத்து கழுத்தாகவே மதுரை வந்து சேர்ந்தது.

கண்ணாடி போட்டதும் காது சரியாகிவிட்டது என்று எழுதினால் பொய். நெஞ்சு வலியும் கழுத்து வலியும் போயின. இரைச்சல் கொஞ்சம்தான் குறைந்தது. மீதிக்கு அடைப்பான்தான் வழி. அதையும் எத்தனை பேர் தப்பாக வைக்கிறார்கள்! பஞ்சு உருட்டி வைப்பது ஏறக்குறைய வீண். நுரை அடைப்பானைச் சுத்தமான விரலால் திரி போல மெல்லியதாக உருட்டி, மறு கையைத் தலைக்கு மேலாகக் கொண்டு வந்து காது மடலை மேலே இழுத்து, உள்ளே விட்டு, அது உப்பும் வரை விரலால் பிடித்திருக்க வேண்டும். அழுக்கானதைத் திரும்ப வைக்கக் கூடாது. ஊருக்குள் வந்ததும் எடுத்துவிட வேண்டும் என்பது எங்கள் டாக்டர் உத்தரவு. எனக்கும் ஒரு ஜோடி வைத்திருக்கிறேன். பின்னால் இருப்பவளுக்கும் காது இரண்டு உண்டே!

கண்ணாடியைத் துடைக்கும் வேலை என்னுடையது. பெட்ரோல் பங்க்கில் ஒரு பையன் அன்பாகக் காய்ந்த துணியால் தேய்த்துக் கொடுத்ததில் நிரந்தரமாக நாலு கீறல். இரவில் எதிரே வரும் வெளிச்சத்தில் அந்த நாலும் நாற்பதாக மின்னும். அன்றிலிருந்து யாரையும் தொட விடுவதில்லை. செத்துக் காய்ந்த பூச்சி மேல் பழைய காட்டன் துண்டை நனைத்துப் பத்து நிமிஷம் போட்டு வைத்தால் தானே ஊறி வந்துவிடும். பிறகு சோப்பு நீர், நல்ல தண்ணீர், மெத்தென்ற துணி. ஜன்னல் கண்ணாடிக்குத் தெளிக்கிற அம்மோனியா கலந்த திரவம் கூடாது. பெட்ரோல் துணி பட்டால் பிளாஸ்டிக் வெளிறிப் போகும்.

2024-ல் மறுபடி சோதனை எடுத்தோம். வரைபடத்தில் அந்தப் பள்ளம் அப்படியே இருந்தது. ஆழமாகவில்லை. டாக்டர் தலையை ஆட்டி, "இப்படியே பார்த்துக்கோங்க" என்றார். இவருக்கு அதுவே பெரிய பட்டம் வாங்கினது போல.

ரோஸ் நூலில் ஒரு துண்டு மட்டும் இன்னும் கண்ணாடியின் வலது மூலையில் ஒட்டிக் கொண்டிருக்கிறது. வெயிலில் வெளுத்து, நைந்து, பார்க்கச் சகிக்கவில்லை. "அதைப் பிய்த்துப் போடுங்களேன்" என்று எத்தனையோ முறை சொல்லிவிட்டேன். "என்னது?" என்கிறார். காது கேட்கவில்லையா, கேட்காத மாதிரி இருக்கிறாரா என்று மட்டும் எனக்கு இன்னும் தெரியவில்லை.